அம்பாசிடர் 'டக் டக்'னு அடிக்குதா... எதை மாத்தணும், எதை மாத்த வேண்டாம்?

தாத்தா வாங்கின அம்பாசிடர் உங்க வீட்டு வாசல்ல தார்ப்பாய் போர்த்தி நிக்குதா? திருப்பாலைக்குடி மாதிரி கடலோர ஊர்னா கூடுதல் கவனம் வேணும். ரொம்ப நாள் ஓடாம நிக்கிற இன்ஜின்ல, திறந்த நிலையில நின்னுபோன வால்வு வழியா உப்புக்காத்து உள்ளே போய்த் துரு பிடிக்கும். வால்வு கைடுலயே ஒட்டிக்கிறதும் உண்டு. எடுத்த எடுப்பில் செல்ஃப் அடிக்காதீங்க. முதல்ல ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, கொஞ்சம் ஆயில் விட்டு, கையால சுத்திப் பாருங்க.

2014-ல் தயாரிப்பு நின்னுபோன இந்த வண்டியோட பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனோட பி.எம்.சி பி-சீரிஸ் வகை. கேம் ஷாஃப்ட் டாப்பெட்டைத் தூக்கும், டாப்பெட் புஷ் ராடைத் தள்ளும், அது ராக்கர் ஆர்மை ஆட்ட, வால்வு திறக்கும். மூடுறது ஸ்பிரிங் வேலை. இதுல எது தேஞ்சாலும் மெக்கானிக் சொல்றது ஒரே வார்த்தைதான்: 'டாப்பெட் சத்தம்'.

உடனே பார்ட்ஸ் வாங்க ஓட வேண்டாம். முதல்ல இடைவெளியை செட் பண்ணுங்க. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சமாசாரம் அது. சரியான எண் உங்க வண்டி மேனுவல்ல இருக்கும். மொத்தம் 8 வால்வு. கூட்டினா 9 வரணும்கிறதுதான் கணக்கு. 8-வது வால்வு முழுசா திறந்திருக்கும்போது 1-ஐ செட் பண்ணணும், 6 திறந்திருந்தா 3-ஐ.

செட் பண்ணியும் சத்தம் வருதா? ராக்கர் முனையைப் பாருங்க. குழி விழுந்திருந்தா, ஃபில்லர் கேஜ் குழிக்கு மேல பாலம் மாதிரி நிக்கும். கேஜ் காட்டுற அளவு பொய். அப்போ ராக்கர் மாத்தணும். கூடவே ஷாஃப்ட்டோட அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்க, பள்ளம் தட்டுப்பட்டா அதையும் மாத்திடுங்க. ஒரு எச்சரிக்கை: ராக்கரைப் பிடிக்கிற நட்டுகள்ல சிலது ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்குது. கூலன்ட்டை வடிச்சு, எல்லா ஹெட் நட்டையும் கொஞ்சம் கொஞ்சமா, வரிசையா தளர்த்தணும். அவசரப்பட்டா ஹெட் வளைஞ்சிடும்.

சத்தம் வர்றதைவிட, சத்தமே இல்லாம இடைவெளி குறைஞ்சுகிட்டே போறதுதான் ஆபத்து. 2000-ல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்னுபோச்சு. பழைய ஹெட்டோட மெதுவான வால்வு சீட்டுகளுக்கு அந்த ஈயம்தான் பாதுகாப்பு. இப்போ வால்வு அடிச்சு அடிச்சு சீட் உள்ளே இறங்கும், இடைவெளி சுருங்கும், வால்வு சரியா மூடாது, கடைசில கருகிடும். மாசம் ஒருமுறை டாப்பெட் டைட் ஆகுதுன்னா ஹெட்டைக் கழட்டி, ராமநாதபுரமோ மதுரையோ நல்ல லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், கடினமான எக்ஸாஸ்ட் சீட் வளையம் போடச் சொல்லுங்க. கைடும் அப்பவே பார்த்துடணும். ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை வந்தா, கைடோ சீலோ போயிருக்கலாம். வேலை முடிஞ்சதும் ஹெட்டைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊத்திப் பாருங்க. போர்ட் வழியா கசிஞ்சா மறுபடி லேப்பிங்.

காசு மிச்சம் பண்ணக் கூடாத இடம் ஒண்ணு இருக்கு. புது கேம் ஷாஃப்ட் போட்டா டாப்பெட்டும் புதுசு போடணும். பழைய டாப்பெட் புது கேமை அரிச்சுடும். பழசையே மறுபடி போடுறதா இருந்தா, கழட்டும்போதே அட்டைல ஓட்டை போட்டு நம்பர் எழுதி, புஷ் ராடையும் டாப்பெட்டையும் அதே வரிசைல வைங்க.

புது கேமுக்கு அசெம்பிளி லூப் தடவி, ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாம, சுமார் 2,000 ஆர்.பி.எம்-ல 20 நிமிஷம் ஓட்டுங்க. சில நூறு கிலோமீட்டர் ஓடினதும் இடைவெளியை இன்னொரு தடவை செக் பண்ணணும்.