‘பாரியா’ என்றொரு சொல்

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 1960-களின் தொடக்கத்தில் எங்கள் வகுப்பில் அடிக்கடி ‘திக்தே’ நடக்கும். ஆசிரியர் வாசிப்பார், நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். ஒருநாள் வந்த பத்தியில் ‘பாரியா’ என்று ஒரு சொல். “சமூகம் ஒதுக்கி வைத்தவன்” என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார் ஆசிரியர். அன்று எனக்கு ஒரு பிழைகூட இல்லை. அந்தப் பெருமையோடு வீடு திரும்பும்போது, கூட நடந்து வந்த நண்பன் சொன்னான்: “அது பிரெஞ்சு வார்த்தை இல்லடா. எங்க சாதிப் பேரு.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பேச்சை மாற்றிவிட்டேன்.

அவன் சொன்னது சரிதான் என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். பறையர் என்ற நம் தமிழ்ச் சொல்லை 16-ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசியர் தங்கள் ஏடுகளில் எழுதினார்கள். அங்கிருந்து அது மற்ற ஐரோப்பிய மொழிகளுக்குப் போயிற்று. 1791-இல் பெர்னார்தென் தெ சேன்-பியேர் எழுதிய ‘இந்தியக் குடிசை’ என்ற கதையில், உண்மையைத் தேடி வரும் ஆங்கிலேய அறிஞர் அதை ஒரு பாரியாவின் குடிசையில்தான் கண்டடைகிறார். 1821-இல் கசிமிர் தெலவீஞ் ‘பாரியா’ என்றே ஒரு நாடகம் எழுதினார். 1838-இல் ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பெண்மணி தன் பயண நூலின் தலைப்பிலேயே தன்னைப் பாரியா என்று சொல்லிக்கொண்டார்.

இவர்கள் யாரும் கேலியாக எழுதவில்லை. பரிவோடுதான் எழுதினார்கள். ஆனாலும் அந்தப் பெயருக்கு உரியவர்களை யாரும் கேட்கவில்லை. ஒரு மக்களின் பெயர் கடல் கடந்து போய், ‘ஒதுக்கப்பட்டவன்’ என்ற பொதுப் பொருளோடு அகராதியில் ஏறிவிட்டது.

உரியவர்கள் சும்மா இருக்கவில்லை. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கி, அதற்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரால் இழிவுபடுத்தினார்களோ, அதே பெயரோடு தலைநிமிர்ந்து நின்றார். எம்.சி. ராஜா வேறு வழியில் போனார். பழைய பெயர்களுக்குப் பதிலாக ‘ஆதி திராவிடர்’ என்று எழுத வேண்டும் என்று சென்னைச் சட்டமன்றத்தில் அவர் வாதாட, 1922-இல் அரசு அதை ஏற்றது. ஒருவர் பெயரைத் தாங்கினார், மற்றவர் மாற்றினார். இரண்டும் அவர்கள் தாங்களே எடுத்த முடிவுகள்.

இதெல்லாம் படித்திருந்தும் நான் ஒரு தவறு செய்தேன். அரசுப் பணியில் ஒருமுறை என்னைப் பழைய கோப்புகள் இருந்த பின்கட்டு அறைக்கு மாற்றினார்கள். தேநீர் வேளையில், “என்னைப் பாரியா ஆக்கிட்டாங்கப்பா” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பிரெஞ்சில் சர்வசாதாரணமாகச் சொல்வதுதானே என்ற நினைப்பு. எல்லோரும் சிரித்தார்கள். ஓர் இளம் எழுத்தர் மட்டும் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். பாதித் தேநீர் அப்படியே இருந்தது.

மறுநாள் அவர் மேசைக்குப் போய், “தெரியாமல் சொல்லிவிட்டேன்” என்றேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். இருபது வருடங்களுக்கு முன்பே எனக்கு ஒருவன் சொல்லியிருந்தான். “பரவாயில்லை சார்” என்றார் அவர், கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உலகம் ஒதுக்கிய நாட்டை இன்றும் செய்திகளில் ‘பாரியா’ நாடு என்கிறார்கள். ‘ஒதுக்கப்பட்ட நாடு’ என்றாலே பொருள் விளங்கிவிடும். ஒரு சொல் யாருக்கு வலிக்கும் என்று அகராதியில் போட்டிருக்காது. பக்கத்தில் நடந்து வருபவர் சொன்னால்தான் உண்டு. சொல்லும்போது பேச்சை மாற்றாமல் கேட்க வேண்டும். அந்த நண்பன் பள்ளி முடிந்ததும் பிரான்சுக்குப் போய்விட்டான். அன்று நான் கேட்காமல் விட்டதை அவனிடம் கேட்க எனக்கு வாய்க்கவே இல்லை.