ஒரே நாட்டில் இரண்டு மின்சாரம்

செல்போன் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் "100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருக்கும். இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அப்படியானால் மற்ற எண்கள் எதற்கு? 100 வோல்ட் ஜப்பானின் மின்சாரம். 50, 60 என்ற இரண்டு எண்களுமே அந்த ஒரு நாட்டுக்குத் தேவைப்படுகின்றன!

மாறுதிசை மின்னோட்டம் ஒரு நொடியில் எத்தனை முறை போய்த் திரும்புகிறது என்பதே ஹெர்ட்ஸ் கணக்கு. 1895ல் டோக்கியோ மின்நிறுவனம் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்திடம் ஜெனரேட்டர் வாங்கியது. அது 50 ஹெர்ட்ஸ். ஓரிரு ஆண்டுகளில் ஒசாகா நிறுவனம் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் வாங்கியது. அது 60 ஹெர்ட்ஸ். இரு நகரங்களும் ஒருநாள் கம்பியால் இணையும் என்று அன்று யாரும் கவலைப்படவில்லை. நகரங்களோடு மின்கம்பிகளும் வளர்ந்தன. இன்றும் ஃபுஜி ஆற்றை ஒட்டிய எல்லைக்குக் கிழக்கே 50, மேற்கே 60.

இதனால் சாதாரண மக்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மின்சாரத்தின் துடிப்பை எண்ணி ஓடும் டோக்கியோ கடிகாரத்தை ஒசாகாவில் மாட்டினால் மணிக்கு 12 நிமிடம் முந்தும். இசைத்தட்டுக் கருவி வேகமாகச் சுழன்று பாடகரின் குரலைக் கீச்சுக் குரலாக்கும். வீடு மாறினால் கருவிக்குள் இருக்கும் கப்பியையும் மாற்ற வேண்டும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு வோல்ட்தான் பிரச்சினை. 230 வோல்ட் ஹேர் டிரையரை 100 வோல்ட்டில் போட்டால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் கிடைக்கும். அங்கே வாங்கிய 100 வோல்ட் ஹீட்டரை இங்கே நேரடியாகச் செருகினால் ஐந்து மடங்கு மின்சாரம் இழுத்துக் கருகிவிடும். தட்டையான இரு முனை பிளக்குக்கு அடாப்டர் வாங்கினால் போதும் என்று நினைப்பது தவறு. அடாப்டர் ஓட்டையைத்தான் பொருத்தும், வோல்ட்டை மாற்றாது.

இந்தப் பிளவின் உண்மையான விலை 2011 மார்ச் 11க்குப் பிறகு தெரிந்தது. நிலநடுக்கமும் சுனாமியும் ஃபுகுஷிமா உள்ளிட்ட கிழக்குப் பகுதி மின்நிலையங்களை முடக்கின. டோக்கியோ பகுதியில் முறைவைத்து மின்வெட்டு வந்தது. மேற்கில் இருந்த மின்சாரத்தைத் தாராளமாகக் கொண்டுவர முடியவில்லை. எல்லையில் ஹெர்ட்ஸை மாற்றித் தரும் நிலையங்களின் மொத்தத் திறன் அப்போது சுமார் 10 லட்சம் கிலோவாட்தான். 2021ல்தான் அது 21 லட்சமாக உயர்ந்தது.

ஒரே அலைவரிசைக்கு மாற வேண்டுமானால் பாதி நாட்டின் ஜெனரேட்டர்களையும் ஆலை மோட்டார்களையும் மாற்றியாக வேண்டும். அதற்கான செலவை நினைத்தே யாரும் துணியவில்லை. மின்சாரம் மாறவில்லை, கருவிகள் மாறிக்கொண்டன. இன்றைய சார்ஜர் எந்த மின்சாரம் வந்தாலும் முதலில் அதை நேர்மின்னோட்டமாக்கிவிடுகிறது. பிறகு அதற்கு 50ம் ஒன்றுதான், 60ம் ஒன்றுதான்.

அவசரத்தில் எடுத்த இரண்டு கொள்முதல் முடிவுகள் 130 ஆண்டுகளுக்குப் பிறகும் சுவருக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சார்ஜரில் உள்ள அந்தப் பொடி எழுத்து சொல்வது இதைத்தான்.