பானைக்குள் இருபத்தொரு நாள்

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியைக் கடந்து வரும் குத்தம்பாக்கமும் அதன் சுற்றுவட்டார ஊர்களும் ஏரிப் பாசனத்தையும் நெல் வயல்களையும் கொண்டு வளர்ந்தவை. நெல் விளையும் வரப்பில் எலியும், எலி வளையில் பாம்பும் தங்குவதால், வளையின் வாயைப் பார்த்தே உள்ளிருப்பது இன்னதென்று சொல்லக்கூடிய இருளர்களுக்குத் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் இச்சமவெளி நெடுங்காலமாகத் தொழிற்களமாக இருந்துவருகிறது. அத்தொழிலின் வரலாறு பெரும்பாலும் பாம்பு பிடித்தலின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆனால் பிடிபட்டுச் சினந்து சீறும் ஓர் உயிரை வதைக்காமல் வைத்திருக்க அவர்கள் கண்ட வழி, பிடிக்கும் திறனுக்குக் குறையாத மதிப்புடையது.

காட்டிலிருந்து வந்த பாம்பு அடைப்பில் இரையெடுக்க மறுப்பது அரிதன்று. ஒளிந்துகொள்ள இடமின்மையும், ஓயாத ஆள் நடமாட்டமும், அடிக்கடி கையாளப்படுவதும் அதனைத் தற்காப்பு நிலையிலேயே நிறுத்திவைக்கின்றன. நல்ல பாம்பு படம் விரிப்பதும், கண்ணாடி விரியன் உரத்துச் சீறுவதும், சுருட்டை விரியன் உடலைச் சுருட்டிச் செதில்களை உரசி ஒலியெழுப்புவதும் அச்சத்தின் வெளிப்பாடுகளே. குளிர்ந்த சூழலில் செரிமானம் மந்தமாகும். சட்டை உரிக்கும் முன் கண் மங்கும். இவ்விரு வேளைகளிலும் பாம்பு இயல்பாகவே பட்டினி கிடக்கும். தன் உடல் வெப்பத்துக்குப் புறச்சூழலைச் சார்ந்திருக்கும் உயிர் என்பதால் அதற்குத் தேவைப்படும் ஆற்றல் குறைவு. நலமுள்ள வளர்ந்த பாம்பு சில வாரப் பட்டினியை எளிதில் தாங்கும். எனவே மறுக்கும் பாம்பின் வாயில் இரையைத் திணிப்பது பெரும்பாலும் அதன் அச்சத்தை மிகுவிப்பதாகவே முடிகிறது.

இந்த அறிவுக்கு நேர் எதிரானதாக இருந்தது பாம்பாட்டியின் கூடை. நச்சுப்பல் பிடுங்கப்பட்ட, சில வேளைகளில் வாயே தைக்கப்பட்ட பாம்பு, உண்ண மறுத்தது என்று சொல்வதைவிட உண்ண இயலாமற் போயிற்று என்பதே சரி. வாய்ப்புண் சீழ்வைத்து அது சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தது. பாம்பு பால் குடிக்கும் என்ற நம்பிக்கையையும் இக்கூடையே வளர்த்தது; நாட்கணக்கில் நீரின்றித் தவித்த பாம்பு எந்த நீர்மத்தையும் பருகும், ஆனால் பாலைச் செரிக்கும் இயல்பு அதற்கில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருளர்களின் திறனைத் தோல் வணிகம் விலைக்கு வாங்கியபோது, பாம்பை உயிரோடு பேணும் தேவையே எழவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு விதிக்கப்பட்ட தடையும் அவ்வணிகத்தை முடக்கின. பாம்புகள் காக்கப்பட்டன, ஆனால் அவற்றைப் பிடித்துப் பிழைத்த குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. இந்நிலையில், கிண்டியில் பாம்புப் பண்ணையைத் தொடங்கியிருந்த ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியுடன், 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவுசெய்யப்பட்டது. மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில், முதலைப் பண்ணையின் வளாகத்தில் அதன் நஞ்செடுப்பு நிலையம் அமைந்தது. மாசி மகத்தன்று தம் குலதெய்வமான கன்னியம்மாவை வழிபட இருளர்கள் கூடும் மாமல்லபுரக் கடற்கரை அங்கிருந்து தொலைவில் இல்லை என்பதும் குறிக்கத்தக்கது.

சங்கத்தின் பராமரிப்பு முறையில் மையமானது மண்பானை. அடியில் மணல் பரப்பி, வாயைக் காற்றுப் புகும் துணியால் கட்டிய பானை, பாம்புக்குத் தான் விட்டுவந்த வளையை ஒத்த இருளையும் ஒடுக்கத்தையும் தருகிறது. மண்ணின் நுண்துளைகள் வழியே ஈரம் ஆவியாவதால் உள்ளே வெப்பமும் தணிகிறது. கண்ணாடிப் பெட்டியில் நாள் முழுதும் மோதிக்கொள்ளும் பாம்பு இருட்டில் சுருண்டு அடங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் இவ்வாறு ஏறத்தாழ 21 நாட்கள் வைக்கப்பட்டு, அக்காலத்தில் நான்கு முறை நஞ்செடுக்கப்பட்டு, மீண்டும் காட்டில் விடப்பட்டன. உறைய வைத்து உலர்த்திய அந்நஞ்சைச் சிறு அளவுகளில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்தே நச்சுமுறி மருந்து செய்யப்படுகிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக மதிப்பிடப்படும் நாட்டில் இம்மருந்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

பிடித்த பாம்பை நஞ்செடுத்து விட்டுவிடும் முறையை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை. பாம்பகங்களில் நெடுநாள் வளர்த்து, ஒவ்வொன்றின் நலத்தையும் பிறப்பிடத்தையும் பதிந்து வைப்பதையே அவை விரும்புகின்றன. நஞ்சின் தரத்தை உறுதிசெய்ய அவ்வாதம் வலுவானதே. ஆயினும் நெடுநாள் அடைப்பு என்றவுடன், உண்ண மறுக்கும் பாம்பை என்ன செய்வது என்ற பழைய சிக்கல் முழு எடையுடன் திரும்புகிறது என்பதையும், அச்சிக்கல் முற்றுமுன்னரே பாம்பை வெளியேற்றும் கெடுவை இருளர்களின் பானைமுறை தன் விதியாகவே கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். 2023-ஆம் ஆண்டு இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது நாடு பாராட்டிய திறனில், பிடிக்கும் கையின் துணிவோடு விடும் கையின் பொறுமையும் அடங்கியிருந்தது.

விடுவதற்கு முன் பாம்பின் வயிற்றுச் செதில் ஒன்றின் ஓரத்தைச் சிறிதளவு நறுக்கி அடையாளமிடுவர். அண்மையில் நஞ்செடுக்கப்பட்ட பாம்பு மறுபடி கையில் சிக்கினால், அக்குறியைக் கண்டு அதை அப்படியே விட்டுவிடுவர். சில முறை சட்டை உரித்தபின் அந்தக் குறியும் மறைந்துவிடும்.