வடக்குன்னா எங்கே ஆரம்பிக்குது?

மதுரையில இருந்து திருச்சி ரோட்டுல மேலூர், கருங்காலக்குடி எல்லாம் தாண்டினா எங்க கொட்டாம்பட்டி. மதுரை மாவட்டத்தோட வடக்கு ஓரம். அடுத்து துவரங்குறிச்சி, அது திருச்சி மாவட்டம். ஊர்ல வடக்கே எதுன்னு கேட்டா துவரங்குறிச்சிப் பக்கம் கையைக் காட்டுவாங்க. துவரங்குறிச்சியில போய்க் கேட்டா விராலிமலைப் பக்கம் காட்டுவாங்க. அப்படியே காட்டிக்கிட்டே காஷ்மீர் வரைக்கும் போகலாம் :-)

இங்கிலாந்துல இந்தக் குழப்பமே கிடையாது. லண்டன்ல இருந்து வடக்கே போற எம்1 மோட்டார்வேயில (முதல் பகுதி 1959-ல திறந்தது) நீலப் பலகையில ஊர்ப் பேரோட சேர்த்து 'தி நார்த்'னு எழுதி வச்சிருக்காங்க. வடக்குங்கிறது அங்க திசை இல்லை, போய்ச் சேர வேண்டிய ஊரு மாதிரி. எங்க இருந்து பார்த்து வடக்கு? லண்டன்ல இருந்து பார்த்துதான். வாட்ஃபோர்டு தாண்டினாலே வடக்குன்னு லண்டன்காரங்களைக் கிண்டல் பண்றதும் உண்டு.

நம்ம ரோட்டுப் பலகையில மேலூர், மதுரை, திருச்சின்னு ஊரும் கிலோமீட்டரும்தான் இருக்கும். ஆனா திசை வேற இடத்துல ஒளிஞ்சிருக்கு. இந்த ரோட்டுக்கு முன்னாடி 45பி-ன்னு நம்பர். 2010-ல நாடு முழுக்க நம்பர் மாத்தினப்போ 38 ஆச்சு. புது முறையில வடக்கு-தெற்கா ஓடுற முக்கிய நெடுஞ்சாலைக்கெல்லாம் இரட்டைப்படை எண், கிழக்கு-மேற்குக்கு ஒற்றைப்படை. இரட்டைப்படை நம்பர் கிழக்கே இருந்து மேற்கே போகப் போகக் கூடும். கடலோரம் 32, தஞ்சாவூர் வழியா 36, நம்மது 38, திண்டுக்கல்-சேலம் பக்கம் 44. ஆணி புடுங்குற இடத்துல ஒரு வேரியபிளுக்குக் கூட உருப்படியா பேர் வைக்காத எனக்கு இதைப் பார்த்து ஒரே பொறாமை.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த வழியில தெற்கே நடந்தவங்கள்ல ரொம்பப் பிரபலமானவங்க கோவலனும் கண்ணகியும். சிலப்பதிகாரத்துல காடுகாண் காதைன்னு ஒரு பகுதி. உறையூர்ல இருந்து கிளம்பி, கவுந்தியடிகளோட மதுரைக்கு வர்றாங்க. வழியில ஒரு மறையோன் ரூட் சொல்றார். கொடும்பையில (இன்னைக்குக் கொடும்பாளூர், விராலிமலைக்குப் பக்கம்) பாதை சூலாயுதம் மாதிரி மூணாப் பிரியும். வலது பக்கம் போனா சிறுமலை. இடது பக்கம் போனா திருமாலிருஞ்சோலை, அதாவது அழகர்மலை. நடுவுல ஒண்ணு, அதுல காட்டுத் தெய்வம் மயக்கப் பார்க்கும், ஜாக்கிரதை. இவங்க நடு வழியிலதான் போறாங்க. என் கணக்குல அந்த இடது வழி எங்க ஊர்ப் பக்கமாத்தான் வந்திருக்கணும். கோவலன் எங்க ஊருக்கு வராமப் போனதுல எனக்கு வருத்தம்தான்!

இதுல கவனிக்க வேண்டியது, வழி சொல்றது எல்லாம் வடக்கே இருந்து தெற்கே. பாண்டியனுக்குப் பேரே தென்னவன். மதுரைக்குத் தெற்கே நெல்லை இருக்கு, குமரி இருக்கு. ஆனாலும் தெற்குன்னா மதுரைதான். பாண்டியர்களும் அதைப் பெருமையாத்தான் வச்சுக்கிட்டாங்க. நமக்கு அது அவ்வளவு பெருமையா அமையலை. சென்னையில இருந்து பார்த்தா நாம 'தென் மாவட்டம்'. எது வேணும்னாலும் ராத்திரி பஸ் ஏறணும்.

உதாரணத்துக்கு ஹைகோர்ட். அரசாங்கத்துக்கு எதிரா ஒரு ரிட் மனு போடணும்னா கொட்டாம்பட்டிக்காரர் 400 கிலோமீட்டருக்கு மேல போகணும். வக்கீல் ஃபீஸ் தனி, பஸ் காசு தனி, லாட்ஜ் வாடகை தனி, வாய்தான்னா மறுபடியும் முதல்ல இருந்து. எத்தனை பேர் நியாயம் இருந்தும் வேணாம்னு விட்டிருப்பாங்க! பல வருஷம் கேட்டு, 2004 ஜூலை 24-ல மதுரைக் கிளை திறந்தது. அதுவும் எங்கே? இதே ரோட்டுல, ஒத்தக்கடைக்குப் பக்கத்துல.

அப்ப 13 மாவட்டத்தை இந்தக் கிளைக்குக் கொடுத்தாங்க. திருச்சி, தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டை எல்லாம் உள்ளே. பெரம்பலூர் வெளியே. அதனால சட்டப்படி பார்த்தா இந்த ரோட்டுல வடக்கு எங்கே ஆரம்பிக்குதுன்னு துல்லியமாச் சொல்லலாம்: கொள்ளிடம் தாண்டி, சமயபுரம் தாண்டி, சிறுகனூருக்கும் பாடாலூருக்கும் நடுவுல. சிறுகனூர் திருச்சி மாவட்டம், கேஸ் மதுரைக்கு வரும். பாடாலூர் பெரம்பலூர் மாவட்டம், சென்னைக்குப் போகும். சோழ தேசத்துல பாதியை உறையூரோட சேர்த்து மதுரைக்குக் கொண்டு வந்துட்டோம், ஒரு யானை கூட இல்லாம.

இதுலயும் ஒரு கூத்து இருக்கு. வேதாரண்யம் கரூருக்கு நல்லாத் தெற்கே இருக்கு. மேப்பைப் பாருங்க. ஆனா அது நாகப்பட்டினம் மாவட்டம், அதனால சென்னைக்குப் போகணும். வடக்கே இருக்குற கரூர்க்காரர் மதுரைக்கு வர்றார், தெற்கே இருக்குற வேதாரண்யத்துக்காரர் இன்னமும் ராத்திரி பஸ்ஸைப் பிடிக்கிறார்.

உங்க ஊர்ல வடக்கு எங்கே ஆரம்பிக்குது மக்களே? சொல்லிட்டுப் போங்க.