சோர்வு எனும் காப்பு: உடலுழைப்பில் மூளை வேதியியலும் காரைக்கால் கரையின் ஈரவெப்பமும்

ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள காரைக்கால், ஆட்சியால் புதுச்சேரியையும் மண்ணாலும் நீராலும் காவிரி டெல்டாவையும் சேர்ந்தது. கிழக்கே வங்கக்கடல், மற்றப் பக்கங்களில் தமிழ்நாட்டு வயல்வெளி. ஆனி, ஆடி மாதங்களில் நெடுங்காட்டிலும் திருநள்ளாற்றிலும் குறுவை நடவு நடக்கும் அதே நாள்களில் கடலோரக் கிராமங்களில் வலை இழுக்கிறார்கள். திடல்களில் இளைஞர்கள் காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறார்கள். மூவரையும் சூழ்ந்திருப்பது ஒரே புழுக்கம். களைத்து நிற்பவரிடம் மூவரின் உலகத்திலும் ஒரே சொல்தான் சொல்லப்படுகிறது: மனசு வைத்தால் முடியும். உடலுழைப்பில் வரும் சோர்வு பெரும்பகுதி மூளையில் தீர்மானிக்கப்படுகிறது என்பது உண்மையே. ஆனால் அந்த உண்மையிலிருந்து மன உறுதியால் அதைத் தாண்டிவிடலாம் என்று முடிவு கட்டுவது பிழை. ஈரவெப்பக் கரையில் அது உயிருக்கே ஆபத்தான பிழை என்பது இக்கட்டுரையின் வாதம்.

தசையிலிருந்து மூளைக்கு

சோர்வில் மூளைக்கும் பங்குண்டு என்பது பழைய செய்தி. இத்தாலியின் தூரின் நகர உடலியலாளர் ஆஞ்சலோ மோஸ்ஸோ 1891இல் வெளியிட்ட நூலில், மாணவர்களுக்குத் தேர்வு நடத்தி முடித்த சக ஆசிரியரின் விரல் வலு குறைந்திருந்ததைக் கருவி கொண்டு அளந்து காட்டினார். உழைத்தது மனம், தளர்ந்தது விரல். 1920களில் ஏ. வி. ஹில் போன்றோரின் ஆய்வுகளுக்குப் பின் கவனம் முழுவதும் தசைக்கும் அதில் சேரும் லாக்டிக் அமிலத்துக்கும் திரும்பியது. அந்த அமிலமே களைப்பின் காரணம் என்ற எண்ணம் பயிற்சித் திடல்களில் இன்றும் நிலவுகிறது. ஆனால் அந்த அமிலம் உடலில் கொள்ளும் வடிவமான லாக்டேட், இதயமும் தசையும் மூளையும் எரித்துப் பயன்படுத்தும் எரிபொருள் என்பது பிற்கால ஆய்வுகளில் உறுதியாகிவிட்டது.

மூளைக்கு உரிய இடத்தை வேதியியல் மொழியில் மீட்டுத் தந்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் எரிக் நியூஸ்ஹோம். 1987இல் அவர் முன்வைத்த கருதுகோள் இது: நெடுநேர உழைப்பில் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும்போது குருதியில் கொழுப்பு அமிலங்கள் பெருகுகின்றன. குருதியிலுள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டியிருக்கும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை அவை இடம்பெயரச் செய்கின்றன. அதே வேளையில் தசை கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களைச் செலவழிக்கிறது. இவ்விரு வகையும் மூளைக்குள் நுழையும் வாயில் ஒன்றே. போட்டி குறைவதால் டிரிப்டோஃபேன் மிகுதியாக உள்ளே சென்று செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளாக மாறுகிறது. செரட்டோனின் மிகும்போது மந்தமும் உறக்க உணர்வும் ஊக்கக் குறைவும் தோன்றுகின்றன.

ஒற்றைப் பொருள் விளக்கத்தின் எல்லை

இந்த விளக்கத்துக்கு ஆதரவும் உண்டு, எதிர்ச்சான்றும் உண்டு. செரட்டோனின் செயலைக் கூட்டும் பராக்ஸெட்டின் மருந்து மிதிவண்டி ஓட்டுநர்கள் தாக்குப்பிடிக்கும் நேரத்தைக் குறைத்ததாக 1992இல் வில்சனும் மாகனும் தெரிவித்தனர். ஆனால் 1995இல் வான் ஹால் குழுவினர் டிரிப்டோஃபேனையும் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களையும் தனித்தனியே குடிக்கத் தந்து பார்த்தபோது, களைத்து நிற்கும் நேரத்தில் மாற்றமே இல்லை. உடற்பயிற்சிக் கூடங்களில் களைப்பை விரட்டும் என்று விற்கப்படும் அமினோ அமிலப் பொடிகளை வாங்குவோர் இதை அறிய வேண்டும்.

1997இல் டேவிஸும் பெய்லியும் சிக்கலை வேறு வகையில் அணுகினர். செரட்டோனின் அளவு மட்டுமன்று, ஊக்கத்தையும் இயக்கத்தையும் தூண்டும் டோபமைனோடு அது கொண்டிருக்கும் விகிதமே முக்கியம் என்றனர். இதோடு உழைப்பில் பெருகும் அம்மோனியா, விழித்திருக்கும்போது மூளையில் சேர்ந்துகொண்டே போகும் அடினோசின் ஆகியவையும் பங்கு பெறுகின்றன. காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன் அடினோசினின் ஏற்பிகளை அடைத்துக் களைப்புணர்வை மட்டுப்படுத்துகிறது. ஆக, சோர்வு ஒரு பொருளின் விளைவன்று. உடலின் பல பகுதிகளிலிருந்து வரும் செய்திகளை மூளை கூட்டிப் பார்த்து எடுக்கும் முடிவு.

வெப்பம் எழுதும் எல்லை

அந்தச் செய்திகளில் காரைக்காலுக்கு மிக நெருக்கமானது வெப்பம். தசை செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குகூட முழுதாக வேலையாக மாறுவதில்லை, எஞ்சியது வெப்பமாகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். ஆனால் காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து சொட்டுகிறது. நீரும் உப்பும் போகும். வெப்பம் உள்ளேயே தங்கும்.

2001இல் டென்மார்க்கின் நைபோவும் நீல்சனும் செய்த சோதனை இங்கே திறவுகோல். மிதிவண்டி ஓட்டுநர்கள் 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ 50 நிமிடத்தில் களைத்து நின்றனர். அப்போது உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தொட்டிருந்தது. 18 டிகிரியில் அதே உழைப்பை ஒரு மணி நேரம் செய்தும் உள்வெப்பம் 38 டிகிரியில் நின்றது. களைப்பும் எல்லையை எட்டவில்லை. பின்னர்த் தொடைத்தசையை இரண்டு நிமிடம் முழு வலுவோடு இறுக்கச் சொன்னபோது, வெப்பமேறிய நிலையில் மூளை தசையை இயக்கிய அளவு 54 விழுக்காடாகச் சரிந்தது. மற்ற நிலையில் அது 82. நரம்பை மின்சாரத்தால் தூண்டியபோதோ இரு நிலையிலும் தசையின் முழு வலு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. தசையால் முடியும், மூளை அனுமதிக்கவில்லை.

தடையை மீறினால்

அந்தத் தடையை வேதிப்பொருளால் தளர்த்த முடியும். 2005இல் வாட்சன் குழுவினர், டோபமைனையும் நார்அட்ரினலினையும் கூட்டும் புப்ரோப்பியான் மருந்தைத் தந்து சோதித்தனர். 18 டிகிரியில் பயனில்லை. 30 டிகிரியில் மிதிவண்டி ஓட்டுநர்கள் குறித்த அளவு உழைப்பை ஏறத்தாழ 9 விழுக்காடு விரைவாக முடித்தனர். பெரும்பாலோரின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. ஆயினும் கூடுதல் வெம்மையையோ கூடுதல் கடினத்தையோ அவர்கள் உணரவில்லை. எச்சரிக்கை மணியை நிறுத்திவிட்டு நெருப்பை வளர்ப்பது போன்றது இது. 1967 ஜூலை 13 அன்று பிரான்சு மிதிவண்டிப் பந்தயத்தில் வான்தூ மலையேற்றத்தின் கடும் வெயிலில் விழுந்து இறந்த டாம் சிம்சனின் உடலில் ஆம்ஃபெட்டமின் இருந்தது. அதுவும் டோபமைனைத் தூண்டும் மருந்தே.

மருந்து மட்டுந்தான் தடையைத் தளர்த்துமா? வேலை கிடைக்கும் என்ற ஆசையும், மொத்தமாகப் பேசி எடுத்த நடவை இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியும் ஒருவரைத் தம் எல்லைக்கு அப்பால் தள்ளக்கூடும். 2024 ஆகஸ்டில் ஜார்க்கண்டில் ஆயத்தீர்வைக் காவலர் பணிக்கான 10 கிலோமீட்டர் ஓட்டத் தேர்வின்போது பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தனர். ஒவ்வொரு மரணத்துக்கும் காரணம் வேறாக இருக்கலாம். ஆயினும் காலை 9 மணிக்குப் பின் ஓட்டம் கூடாது என்று அம்மாநில அரசு பிறகு அறிவித்தது, வெப்பத்தின் பங்கை ஏற்றுக்கொண்டதற்கு ஒப்பாகும்.

பழகிய உடம்பு என்னும் மறுப்பு

டெல்டாக்காரர்களின் உடம்பு வெயிலுக்குப் பழகியது என்பார்கள். பழக்கம் மெய்யே. 1993இல் நீல்சன் குழுவின் ஆய்வில், உலர்வெப்பத்தில் 9 முதல் 12 நாள் பழகியவர்கள் தாக்குப்பிடித்த நேரம் 48 நிமிடத்திலிருந்து 80 ஆக உயர்ந்தது. ஆனால் பழகுமுன்னும் பழகியபின்னும் அவர்கள் களைத்து நின்றது ஏறத்தாழ ஒரே உள்வெப்பத்தில், 39.7 டிகிரியில். பழக்கம் எல்லையை அடையும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது; எல்லையை நகர்த்துவதில்லை. ஈரவெப்பத்தில் அந்தச் சலுகையும் சுருங்குகிறது. 35 டிகிரி வெப்பத்தோடு 87 விழுக்காடு ஈரப்பதத்தில் 1997இல் அதே குழு செய்த ஆய்வில் நேரம் 45 நிமிடத்திலிருந்து 52 ஆக மட்டுமே கூடியது. காரைக்காலின் எல்லா நாளும் அத்தனை கொடியதன்று. ஆனால் கடற்கரைப் புழுக்கத்தில் பழக்கத்தை நம்பி விதி வகுக்க முடியாது என்பதற்கு இது போதிய சான்று.

முடிவுரை

சோர்வைச் சோம்பலாகப் படிக்கும் வழக்கத்தை விட்டு, உடல் தன்னைக் காக்கும் எல்லையாக ஏற்பதே அறிவியல் காட்டும் வழி. அதற்கேற்ப நடைமுறை மாற வேண்டும். ஓட்டத் தேர்வுகளை விடியலிலோ குளிர்ந்த மாதங்களிலோ நடத்த வேண்டும். பயிற்சியைத் தொடங்குவோருக்கு இரண்டு வாரம் படிப்படியாக ஏறும் அட்டவணை தர வேண்டும். வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் நான்கையும் சேர்த்துக் காட்டும் அளவைத் திடலிலேயே எடுத்து, வரம்பு மீறினால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். நடவுக் கூலியைப் பேசும்போதே நிழலும் குடிநீரும் இடைவேளையும் பேசப்பட வேண்டும். ஊக்க மாத்திரைகளைப் பயிற்சியாளர்கள் வெளிப்படையாக மறுக்க வேண்டும்.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் குழுவினர் உப்பளத் தொழிலாளர்களின் வெப்பச் சுமையையும் சிறுநீரக நலத்தையும் ஆராய்ந்து வழிகாட்டியுள்ளனர். காரைக்காலில் ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் கிளையும் வேளாண் கல்லூரியும் இருக்கின்றன. நடவு வயலிலும் ஓட்டத் திடலிலும் உள்வெப்பத்தையும் களைப்பையும் இந்த இரு நிறுவனங்களும் சேர்ந்து அளக்க முன்வர வேண்டும். அதுவரை, களைத்து உட்காருபவரை எழுப்பி ஓடச் சொல்லாதிருப்பதே நாம் செய்யக்கூடிய முதல் மருத்துவம்.