மலாக்கா: வீழ்ந்த துறைமுகம் முதல் விடுதலைத் திடல் வரை

மலேசியா என்னும் நாடு ஒரே இரவில் உருவாகிவிடவில்லை. அதன் வேர்களைத் தேடிப் போனால் மலாக்கா ஆற்றின் முகத்துவாரத்தில்தான் போய் நிற்க வேண்டும். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், ஜப்பானியர் என நான்கு அந்நிய ஆட்சிகளைக் கண்ட மண் அது. ஒவ்வோர் ஆட்சி மாற்றத்தின் போதும் அங்கு வாழ்ந்த மக்களின் தலையெழுத்தும் மாறியது. அந்தத் திருப்பங்களில் தமிழர்கள் எங்கே நின்றார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடாமல் நாட்டின் வரலாற்றை முழுமையாக அறிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

1511: கோட்டை கைமாறிய ஆண்டு

பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா உலகம் அறிந்த துறைமுகம். வணிகர்களைக் கவனிக்க நான்கு துறைமுகத் தலைவர்கள் இருந்தனர். ஷாபந்தர் எனப்பட்ட அவர்களுள் ஒருவர் தமிழகக் கரை, வங்காளம், பெகு, பாசாய் ஆகிய இடங்களிலிருந்து வந்த வணிகர்களுக்குப் பொறுப்பாக இருந்தார். சோழமண்டலக் கரையின் துணி இங்கு வந்து இறங்கியது. கிராம்பும் சாதிக்காயும் இங்கிருந்து ஏறின.

அந்த அரசு வெளிப்பகையால் மட்டும் வீழவில்லை. தமிழ் முஸ்லிம் வழி வந்தவரும் முதலமைச்சருக்கு நிகரான பெண்டஹாரா பதவியை வகித்தவருமான துன் முத்தாஹிரை 1510 ஆம் ஆண்டில் சுல்தான் மஹ்மூத் ஷா கொலைத் தண்டனைக்கு உள்ளாக்கினார். அரண்மனைப் பூசல் ஆறுவதற்குள் அல்புகர்க்கின் கப்பல்கள் வந்து நின்றன. 1511 ஆகஸ்டு 24 ஆம் நாள் மலாக்கா வீழ்ந்தது.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைக்கக் கூடாது. 1509 ஆம் ஆண்டு சிறைபிடிக்கப்பட்ட போர்த்துகீசியருக்கு உதவியவர் நைனா சாத்து என்னும் தமிழ் வணிகர். புதிய ஆட்சி அவருக்கே பெண்டஹாரா பதவியைக் கொடுத்தது. 1514 ஆம் ஆண்டு அதைப் பறித்து வேறொருவரிடம் ஒப்படைத்தபோது, அவமானம் தாங்காமல் அவர் தீப்பாய்ந்து உயிர்விட்டார். அந்நியர் தரும் பதவி அந்நியர் விருப்பம் உள்ளவரை மட்டுமே நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

1641, 1824: வரைபடத்தில் விழுந்த கோடு

1641 ஆம் ஆண்டு ஜொகூரின் துணையோடு டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தனர். பழைய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்களான மலாக்கா செட்டிகள் இங்கேயே வேரூன்றினர். வீட்டில் பேசும் மொழி மலாயாகிப் போனது, வழிபாடு மாறவில்லை. 1781 ஆம் ஆண்டு தவிநாயகர் செட்டி கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் ஜாலான் துக்காங் எமாஸ் சாலையில் இன்றும் நிற்கிறது. அருகிலேயே கம்போங் கிளிங் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் இருக்கின்றன.

அடுத்த திருப்பம் பலர் கவனிக்காமல் விடுவது. 1824 மார்ச் 17 ஆம் நாள் இலண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். சுமத்ராவிலிருந்த பென்கூலன் டச்சுக்காரருக்கு, மலாக்கா ஆங்கிலேயருக்கு. ஒரே மொழியும் உறவும் கொண்டிருந்த இரு கரைகளுக்கு நடுவே கோடு விழுந்தது. இன்றைய மலேசியாவும் இந்தோனேசியாவும் தனித்தனி நாடுகளானதற்கு அடித்தளம் அந்தக் கோடுதான். 1826 ஆம் ஆண்டு பினாங்கு, சிங்கப்பூரோடு மலாக்காவும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றம் ஆனது.

1896: பால்மரம் கொண்டுவந்த மக்கள்

1896 ஆம் ஆண்டு டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். நாட்டில் வாணிப நோக்கில் போடப்பட்ட முதல் இரப்பர்த் தோட்டம் அதுவே. புக்கிட் அசகான் தோட்டம் அதைத் தொடர்ந்தது. பால்மரம் பெருகப் பெருக ஆள் தேவை பெருகியது. கங்காணிகள் தமிழகக் கிராமங்களுக்குப் போனார்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல்கள் புறப்பட்டன.

முன்னர் வந்த தமிழர் துறைமுகத்தில் பேரம் பேசியவர். இவர்களோ விடியும் முன் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்றவர்கள். லய வீடு தோட்டத்துடையது. கோயிலும் பள்ளியும் தோட்ட நிலத்தில். வேலை போனால் வீடும் போகும். 1942 ஆம் ஆண்டு ஜப்பானியர் வந்தபோது அவர்களில் பலர் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். நாட்டின் செல்வத்தை உருவாக்கியவர்களுக்கு நாட்டில் உரிமை என்ன என்ற கேள்வி போர் முடிந்த பிறகே பலமாக எழுந்தது.

ஒரு சாலைக்கு இரு பக்கம்

1948 ஆம் ஆண்டு மலாயாக் கூட்டமைப்பு அமைந்தபோது குடியுரிமைக்கு விதிகள் வகுக்கப்பட்டன. மலாக்காவும் பினாங்கும் நேரடி ஆங்கிலேய ஆட்சியில் இருந்தவை. எனவே அங்கே பிறந்து நிரந்தரமாக வாழ்ந்துவந்த பிரிட்டிஷ் குடிமக்களுக்குக் கூட்டமைப்புக் குடியுரிமை சட்டப்படி கிடைத்தது. மலாய் மாநிலங்களில் பிறந்தவர்களோ தந்தையின் பிறப்பையோ நீண்டகால வசிப்பையோ காட்ட வேண்டியிருந்தது.

மலாக்காவின் புலாவ் செபாங்கும் நெகிரி செம்பிலானின் தம்பினும் ஒட்டியிருக்கும் ஊர்கள். ஒரே கங்காணியோடு வந்த அண்ணன் தம்பி இருவர், ஒருவர் இப்பக்கத் தோட்டத்திலும் மற்றவர் அப்பக்கத் தோட்டத்திலும் வேலை செய்திருந்தால், அவர்கள் பிள்ளைகளுக்குச் சட்டம் இரு வேறு வழிகளைக் காட்டியது. யாரோ போட்ட எல்லைக்கோடு ஏழையின் பிறப்புப் பத்திரத்தில் வந்து விழுந்த கதை இது.

1956, 1957: திடலில் ஒலித்த அறிவிப்பு

இலண்டன் பேச்சுவார்த்தையை முடித்துத் திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான், விடுதலை நாளை அறிவிக்கத் தேர்ந்தெடுத்த இடம் மலாக்காவின் பண்டார் ஹிலிர் திடல். நாள் 1956 பிப்ரவரி 20. போர்த்துகீசியர் கட்டிய அ பமோசா கோட்டையின் எஞ்சிய வாயில் அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்நிய ஆட்சி புகுந்த இடத்திலேயே அதற்கு முடிவு நாள் குறிக்கப்பட்டது.

1957 ஆகஸ்டு 31 முதல் நாட்டில் பிறந்த குழந்தைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை என்றது புதிய அரசியலமைப்பு. அதற்கு முன் இங்கு பிறந்தவர்கள் முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழித் தேர்வும் இல்லை. கதவு அகலத் திறந்தது. ஆனால் எப்போதும் அப்படியே இருக்கவில்லை. 1962 ஆம் ஆண்டுத் திருத்தம், பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றது. 1968 ஆம் ஆண்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த தோட்ட மக்கள் பலர், வாழ்நாளெல்லாம் மரம் வெட்டிய மண்ணை விட்டுத் தமிழகம் திரும்ப நேர்ந்தது. அறியாமையும் அலட்சியமும், எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமையும் சேர்ந்து குடும்பங்களைப் பிரித்தன.

அதே காலத்தில் தோட்டத் துண்டாடலும் நடந்தது. அதற்கு மாற்றாகத் துன் வீ.தி. சம்பந்தன் 1960 ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியே தோட்டத்திற்குப் பங்குதாரர் ஆகலாம் என்பதைச் செய்து காட்டிய முயற்சி அது.

எஞ்சி நிற்பவை

2008 ஆம் ஆண்டு மலாக்கா நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டை வாயிலுக்கும் செந்நிறக் கட்டடங்களுக்கும் பெருமை கிடைத்தது, மகிழ்ச்சிதான். ஆனால் லய வீடுகளுக்குப் பட்டியல் இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட நிலங்களில், பழைய தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்பவை பல இடங்களில் தமிழ்ப்பள்ளிகளே.

அடையாள ஆவணம் இல்லாத சிக்கல் நம்மவரிடையே இன்றும் முற்றாகத் தீரவில்லை. ஆகவே, வீட்டில் இருக்கும் பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை, கப்பல் சீட்டு, செக்ரோல் துண்டு எதுவாயினும் குப்பையில் போடாமல் காக்க வேண்டும். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். கோட்டையைப் பாதுகாக்க அரசாங்கம் இருக்கிறது. தோட்டத்து வரலாற்றைப் பாதுகாக்க அந்தந்தக் குடும்பம்தான் இருக்கிறது.