குடியரசுத் தலைவருக்கு மனு மட்டும் போதுமா?

மத்திய விசாரணை அமைப்புகள் அத்துமீறினால் குடியரசுத் தலைவரிடம் நாம் முறையிடலாம். ஆனால் அரசியல் சாசனத்தின் 74ஆவது பிரிவின்படி அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயல்படுவார்; மனுவும் பெரும்பாலும் சம்பந்தப்பட்ட அமைச்சகத்துக்கே அனுப்பப்படும்.

குன்னம் உள்ள பெரம்பலூரை அடுத்த சேலம் மாவட்டத்தில், ஆத்தூர் அருகே இரு தலித் விவசாயிகளுக்கு 2023இல் அமலாக்கத்துறை அனுப்பிய சம்மன் உறையில் சாதிப்பெயர் இருந்தது. இதைக் கண்டித்து வருவாய்ப் பணி அதிகாரி பாலமுருகன் 2024 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். செய்தி பரவியதும் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. அதிகாரியோ ஓய்வுபெறும் தறுவாயில் இடைநீக்கம் செய்யப்பட்டார்.

ஆகவே மனுவோடு நின்றுவிடாமல், 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தையும் நாடுவோம். என்.ஐ.ஏ., அமலாக்கத்துறை அலுவலகங்களிலும் கேமரா பொருத்த உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டுள்ளது.

பாதிக்கப்பட்டவர் எச்சமூகத்தவராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்பது (அல்குர்ஆன் 4:135) நம் கடமை.